மூன்றாவது இலைக்கு உப்பில்லாமல்: ஓலைச்சுவடியிலிருந்து இன்டிசைன் வரை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகத் திருத்தியது.)

இன்னைக்கு நான் பேசப்போவது, பக்க வடிவமைப்பு செய்கிறவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் மாதிரி முதலில் தெரியும். பல பக்கங்கள் உள்ள ஒரே படக்கோப்பிலிருந்து வேண்டிய படத்தை எடுத்து, புத்தகப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. இன்டிசைனில் இதற்கு 'பிளேஸ்' என்று பெயர். ரொம்பச் சாதாரணமான வேலை. ஆனால் இதற்குள்ளே ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருளை அது இருக்கிற இடத்தை வைத்து அடையாளம் சொல்வதா, அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கிற ஒன்றை வைத்துச் சொல்வதா? காவிரி டெல்டாவில் ஏடு எழுதினவர்களும், பதிப்பித்தவர்களும், அச்சடித்தவர்களும், நூலகம் வைத்திருந்தவர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சிக்கல் என்ன?

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். நெல் விவசாயிகளுக்கு ஒரு பூச்சி மேலாண்மைக் கையேடு போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஓவியர் எல்லாப் படத்தையும் ஒரே கோப்பில் வரைந்து தருகிறார். முதல் பக்கம் குருத்துப்பூச்சி, இரண்டாவது இலைச்சுருட்டுப் புழு, மூன்றாவது ஆனைக்கொம்பன், நான்காவது புகையான். வடிவமைப்பாளர் ஒவ்வொன்றையும் அதற்குரிய பாடத்துக்கு மேலே வைக்கிறார். படம் உண்மையில் பக்கக் கோப்புக்குள்ளே வந்துவிடுவதில்லை. ஒரு முன்தோற்றமும் ஒரு முகவரியும்தான் உள்ளே இருக்கும். அந்த முகவரி 'இன்ன கோப்பு, இத்தனையாவது பக்கம்' என்று சொல்லும். இன்டிசைனின் லிங்க்ஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால் கோப்பின் பெயர், பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, அதன் பிறகு பக்க எண் என்று காட்டும்.

இப்போ ஓவியர் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு ஒரு படம் சேர்க்கிறார். அதை இரண்டாவது பக்கமாக நடுவில் செருகிவிடுகிறார். கோப்பு மாறிவிட்டது என்று லிங்க்ஸ் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் வரும். வடிவமைப்பாளர் 'அப்டேட்' கொடுப்பார். முக்கோணம் போய்விடும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் நான்காவது பக்கத்தைக் கேட்ட இடத்தில் இப்போது வந்து நிற்பது ஆனைக்கொம்பன். அதாவது, புகையான் பாடத்துக்கு மேலே ஆனைக்கொம்பன் படம்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். புகையானுக்கு வயலில் தண்ணீரை வடிக்கச் சொல்வார்கள். தன் வயலில் வெங்காய இலை மாதிரி குழல் குழலாக வந்திருப்பதைப் பார்த்த விவசாயி, கையேட்டில் அதே படத்தைப் பார்த்துவிட்டு, கீழே எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரை வடித்துவிடுவார். ஆனைக்கொம்பன் அதனால் போகாது. முறை வைத்துக் கிடைத்த தண்ணீர்தான் போகும். மென்பொருளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அது கேட்ட பக்கத்தைத்தான் கொடுத்தது.

கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. 'மூன்றாவது இலைக்கு உப்பில்லாமல் பரிமாறணும்' என்று சமையற்காரரிடம் சொல்லி வைக்கிறோம். பந்தி ஆரம்பிக்கிற நேரத்தில் யாரோ ஒருத்தர் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எல்லாரும் ஓர் இலை தள்ளி உட்காருகிறார்கள். உப்பில்லாத சாப்பாடு சரியாக மூன்றாவது இலைக்குப் போகும். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ள பெரியப்பா இப்போது நான்காவது இலையில். 'பெரியப்பாவுக்கு உப்பில்லாமல்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

ஏட்டின் ஓரத்தில் எண், உரையில் முதற்குறிப்பு

ஓலைச்சுவடி என்பதும் பல பக்கக் கோப்புதான். ஏடுகளைத் துளையிட்டு, கயிறு கோர்த்து, இரண்டு பக்கமும் மரச் சட்டம் வைத்துக் கட்டுவார்கள். ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு வரிசை எண் இருக்கும். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் மறுபடி அடுக்க அந்த எண் உதவும். அந்தக் கட்டுக்குள்ளே இருக்கிற வரை அது நல்ல முகவரி.

ஆனால் ஓலை நிரந்தரம் இல்லை. பூச்சி அரிக்கும், முறியும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை வேறு ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். புது ஓலை நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம். எழுதுகிறவர் கை பொடியாக எழுதும் கையாக இருக்கலாம். பழைய சுவடியில் 40ஆம் ஏட்டில் இருந்த பாட்டு புதுச் சுவடியில் 31ஆம் ஏட்டுக்கு வந்துவிடும். ஆகவே ஏட்டு எண்ணை நம்பி இன்னொரு நூலில் எதையும் சுட்ட முடியாது.

இதற்கு உரையாசிரியர் மரபு கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. பல உரைச் சுவடிகளில் மூலப் பாட்டு முழுசாக இருக்காது. பாட்டின் முதல் சில சொற்களை மட்டும் எழுதி, நேரே உரைக்குப் போய்விடுவார்கள். பாட்டு வேறொரு சுவடியில் இருக்கும், அல்லது படிக்கிறவரின் மனசில் இருக்கும். முதற்குறிப்பு அதற்கான முகவரி. பாட்டு எந்த ஏட்டுக்குப் போனாலும் அதன் முதல் சொல் கூடவே போகும். இன்றைக்கும் பழந்தமிழ்ப் பதிப்புகளின் பின்னால் 'செய்யுள் முதற்குறிப்பு அகராதி' என்று ஒரு பகுதி பார்க்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதாவது, ஒரே சுவடிக்குள் இரண்டு விதமான முகவரி. உள் வரிசைக்கு எண், வெளியிலிருந்து சுட்டுவதற்குச் சொல். எது எதற்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கும்பகோணத்தில் அறுந்த இணைப்புகள்

முகவரியே இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் டெல்டாவிலேயே சாட்சி இருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஆண்டே அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பிவிட்டது பலருக்கும் தெரிந்த கதை. நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். இடையில் அவர் பட்ட பாட்டில் ஒரு பகுதி நம்ம விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் ஏராளம். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்ற அளவில் விட்டுவிடுவார். அவர் காலத்து வாசகர்களுக்கு அந்த வரியே போதும், நூல் மனசில் ஓடியிருக்கும். 500 ஆண்டு கழித்து அந்த நூல்களே வழக்கில் இல்லை. இணைப்பு இருக்கிறது, அது சுட்டுகிற கோப்பைக் காணவில்லை. இன்டிசைனில் சிவப்புக் கேள்விக்குறி விழுகிற நிலைமை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயர் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளையும் ஊர் ஊராகத் தேடிய சுவடிகளையும் வைத்து, மேற்கோள் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அதற்காகச் சொற்களுக்கும் பாட்டு முதலுக்கும் தானே அகராதிகள் தயாரித்து வைத்துக்கொண்டார். சங்க நூல்கள் கைக்கு வந்தபோது, உரையில் அநாதையாகக் கிடந்த வரிகளுக்கு ஊரும் பேரும் கிடைத்தன. இங்கே ஒன்று கவனியுங்க. அந்த வரிகளைப் பொருத்த முடிந்ததற்குக் காரணம், உரையாசிரியர் சொல்லைக் கொடுத்திருந்தார். 'இன்ன சுவடியில் 12ஆம் ஏடு' என்று எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், ஐயராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தரங்கம்பாடி: எழுத்து சிறிசானால் பக்கம் நகரும்

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம், கடற்கரைப் பக்கம். சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரும் முதலில் ஓலைச்சுவடி சேகரித்தவர்தான். 1708இலேயே தன்னிடம் இருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். பிறகு லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1714இல் சுவிசேஷங்கள் அச்சாக ஆரம்பித்து, 1715இல் புதிய ஏற்பாடு முழுசாக வந்தது.

ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரியவை. காகிதம் ஏராளமாகத் தின்றன. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் பக்கத்திலேயே பொறையாரில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், காகித ஆலையும் அங்கே போட்டுப் பார்த்தார்கள். எழுத்தின் அளவு மாறினால் என்ன ஆகும்? ஒரு பக்கத்தில் அடங்கும் வரிகள் மாறும். 200ஆம் பக்கத்தில் இருந்தது 150க்கு வரும். ஓலையின் நீளம் மாறினால் நடந்த அதே கதை.

பைபிளுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பாரீஸ் நகரத்து அச்சுக்காரர் எஸ்தியேன் 1551இலேயே புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டுவிட்டார். அதிகாரம், வசனம் என்று சொன்னால் போதும். எந்த மொழியானாலும், எந்த அளவு எழுத்தானாலும் இடம் கிடைத்துவிடும். நாம் குறளுக்கு எண் சொல்வதும் இப்படித்தான். இதுவும் எண்தானே என்று கேட்பீங்க. எண்தான். ஆனால் இது தாளோடு ஒட்டிய எண் இல்லை, பாட்டோடு ஒட்டிய எண். பந்தியில் இலை எண்ணுக்கும் வீட்டுக் கதவு எண்ணுக்கும் இருக்கிற வித்தியாசம்.

சரஸ்வதி மகாலின் இரட்டை எண்

தஞ்சாவூர் அரண்மனைக்கு வருவோம். இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை இருந்தவர். அரண்மனையில் தேவநாகரி அச்சகம் வைத்தவர். அவர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. படத்துக்கும் குறிப்புக்கும் உள்ள பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒருவர் கண் படம் இன்னொருவர் குறிப்போடு சேர்ந்தால், அதற்கப்புறம் அந்த ஆவணத்துக்கு மதிப்பே கிடையாது.

அந்த நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் ஒரு வகைப்படுத்திய அட்டவணை தயாரித்தார். அது 1880இல் லண்டனில் வெளியானது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அறிஞர்கள் தஞ்சாவூர்ச் சுவடிகளைப் பர்னெல் எண்ணால் சுட்டத் தொடங்கினார்கள். பிறகு 1918இல் நூலகம் பொது நூலகமானது. 1928 முதல் பி.பி.எஸ். சாஸ்திரி பல தொகுதிகளாக விரிவான விளக்க அட்டவணையைக் கொண்டுவந்தார். அதில் சுவடிகளுக்குப் புது வரிசை எண்.

பழைய எண்ணைத் தூக்கி எறிந்திருந்தால் ஐம்பது வருஷ ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் எல்லாம் வேறு வேறு சுவடிகளைக் காட்ட ஆரம்பித்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. புது எண்ணுக்குக் கூடவே பர்னெல் எண், அந்த அட்டவணையில் எந்தப் பக்கம், இடது பத்தியா வலது பத்தியா என்பது வரை குறித்தார்கள். வரிசையை மாற்றலாம், ஆனால் பழைய முகவரிக்கு வருகிறவனுக்குப் புது வீட்டைக் காட்டிவிட வேண்டும். நூலகத்தின் இந்த ஒழுங்கு இன்றைய கோப்பு நிர்வாகத்துக்கு அப்படியே பொருந்தும்.

பிளாக்கிலிருந்து பேஜ்மேக்கர் வரை

ஈய எழுத்து அச்சு காலத்தில் படம் என்றால் பிளாக். துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்தின் உயரத்துக்கு, அதாவது 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளையார், குத்துவிளக்கு, பூர்ணகும்பம் எல்லாம் அச்சகத்தில் டிராயர் டிராயராக இருக்கும். அங்கே முகவரிச் சிக்கலே இல்லை. படத்தைக் கையில் எடுத்து ஃபாரத்தில் வைத்து இறுக்குகிறோம். தப்பான படம் என்றால் ப்ரூஃபில் கண்ணுக்குத் தெரியும். அடுத்து ஆஃப்செட் வந்து, பட்டர் பேப்பரும் பாசிட்டிவும் வெட்டி ஒட்டின காலத்திலும் படம் பக்கத்தின் மேலேயே இருந்தது.

படம் ஒரு இடம், பக்கம் ஒரு இடம் என்று பிரிந்தது கம்ப்யூட்டரில். ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985இல் வந்தது. நம்ம ஊர் டிடிபி சென்டர்களுக்கு அது வந்து சேர்ந்த பிறகு பல வருஷம் அதுதான் ராஜா. பெரிய படத்தை வைக்கப் போனால் அது ஒரு கேள்வி கேட்கும்: படம் இத்தனை கிலோபைட் பிடிக்கும், முழுப் பிரதியை உள்ளேயே வைக்கவா? 'வேண்டாம்' என்றால் முகவரி மட்டும் உள்ளே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லாத காலத்தில் அதுதான் நியாயமான பதில். பிளாப்பியில் பக்கக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், படம் வராமல் திரும்பி வந்தவர்கள் நிறைய.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. படங்கள் இபிஎஸ், டிஃப் கோப்புகளாக வரும். இபிஎஸ் வடிவத்தின் விதியே ஒரு கோப்புக்கு ஒரு பக்கம்தான். ஒரு படம், ஒரு கோப்பு, ஒரு பெயர். டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்துதான் என்றாலும், பெயர் பெயர்தான். நடுவில் புதுப் படம் சேர்ந்தால் பழைய படத்தின் பெயர் மாறாது.

கோரல் டிராவிலும் ஃப்ரீஹேண்டிலும் ஒரே கோப்பில் பல பக்கம் வரையலாம். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த வசதி 2008இல் சிஎஸ்4 பதிப்போடுதான் வந்தது. ஒரே கோப்பில் 100 ஆர்ட்போர்டு வரை வைக்கலாம் என்றார்கள். ஓவியர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு கையேட்டின் படம் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நிறத் தொகுப்பில். இதற்கிடையே 1999இல் இன்டிசைன் வந்து பேஜ்மேக்கரின் இடத்தைப் பிடித்தது. பல பக்க பிடிஎஃப், இல்லஸ்ட்ரேட்டர் கோப்புகளிலிருந்து வேண்டிய பக்கத்தைத் தேர்ந்து வைக்க அது வழி செய்தது. இம்போர்ட் ஆப்ஷன்ஸில் பக்கங்களைக் குறித்துவிட்டால், ஒவ்வொரு கிளிக்குக்கும் அடுத்த பக்கம் வந்து விழும். அரை நாள் வேலை பத்து நிமிஷத்தில் முடியும்.

விலை என்னன்னா, படத்தின் அடையாளம் பெயரிலிருந்து வரிசை எண்ணுக்கு மாறிவிட்டது. இல்லஸ்ட்ரேட்டரில் ஒவ்வொரு ஆர்ட்போர்டுக்கும் பெயர் வைக்கலாம். ஆனால் இன்டிசைன் அந்தக் கோப்புக்குள் இருக்கும் பிடிஎஃப் பகுதியைத்தான் படிக்கிறது, அதில் எண்ணைத்தான் பார்க்கிறது. உரையாசிரியர்கள் வெளியிலிருந்து சுட்டுவதற்குப் பயன்படுத்தாத ஏட்டு எண்ணை, நாம் அதற்கே பயன்படுத்துகிறோம்.

என்ன செய்யலாம்?

வசதியை விட வேண்டாம். பழைய ஆட்கள் செய்ததையே நாமும் செய்யலாம்.

முதல் விஷயம், படக்கோப்பில் நடுவில் செருகாதீங்க. புதுப் படத்தைக் கடைசிப் பக்கமாகச் சேருங்க. ஒரு படம் வேண்டாம் என்றாலும் பக்கத்தை நீக்காமல் 'காலி' என்று எழுதி விட்டுவையுங்க. சுவடியில் ஏடு தொலைந்தாலும் மற்ற ஏடுகளின் எண்ணை யாரும் திருத்தினதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும், வெட்டுக் கோட்டுக்கு உள்ளேயே, அதன் பெயரைச் சின்னதாகத் தனி லேயரில் எழுதச் சொல்லுங்க. ப்ரூஃப் எடுக்கும்போது அந்த லேயர் தெரியட்டும், அச்சுக்குப் போகும்போது மறைத்துவிடலாம். படத்தோடு அதன் முதற்குறிப்பு கூடவே பயணம் போகும். புகையான் பாடத்துக்கு மேலே 'ஆனைக்கொம்பன்' என்ற எழுத்து வந்து நின்றால், பூச்சியியல் தெரியாத ப்ரூஃப் ரீடர்கூடப் பிடித்துவிடுவார்.

மூன்றாவது, வரிசையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு பொருத்தப் பட்டியல் போடுங்க. பழைய எண், புது எண், படத்தின் பெயர். மூன்றே பத்தி. சரஸ்வதி மகால் அட்டவணை பல ஆயிரம் சுவடிகளுக்குச் செய்ததை, நாற்பது படத்துக்குச் செய்ய ஒரு மணி நேரம் ஆகாது.

நான்காவது, அடிக்கடி திருத்தம் வரும் புத்தகம் என்றால், ஓவியர் ஒரே கோப்பில் வரையட்டும், ஆனால் கடைசியில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பெயர் வைத்து, அவற்றையே பக்கத்தில் வையுங்க. கோப்புகள் கூடும், ஆனால் பக்க எண்ணை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இதை எல்லாம் செய்தாலும், மஞ்சள் முக்கோணம் போன பிறகு ஒரு முறை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படத்தையும் பாடத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். முக்கோணம் சொல்வது கோப்பு புதுசு என்பதை மட்டும்தான். அந்தப் படம் அந்தப் பாடத்துக்கு உரியதா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கிற வேலை சிந்தாமணிக்கும் மனுஷன் கண்ணால்தான் நடந்தது, நெல் கையேட்டுக்கும் அப்படித்தான் நடக்கணும்.